அதே லென்ஸ்

1

என் வலது கண்ணுக்கு இந்த வாரத்தோடு ஒரு வயது நிறைகிறது. கண்புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்த நாளை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரி மறக்கவில்லை. கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள்: எங்கள் சேவை எப்படி இருந்தது, நாங்கள் எதையாவது வேறு மாதிரி செய்திருக்கலாமா? நீங்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள், வேறு மாதிரி செய்திருக்க வேண்டியவள் நான்தான் என்று எழுத நினைத்தேன். எழுதினால் யாராவது போன் செய்து விளக்கம் கேட்பார்களோ என்று பயமாக இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பிவிட்டேன்.

நான் மெல்போர்னுக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. இங்கே கண் ஆபரேஷனுக்கு இரண்டு வழி. கையைவிட்டுப் பணம் கட்டினால் அடுத்த மாதமே முடியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். நான் பதினான்கு மாதம் நின்றேன். நடுநடுவே கடிதம் வரும்: உங்களுக்கு இன்னும் அறுவை தேவைப்படுகிறதா, பதில் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். ஊரில் பென்ஷன்காரர்கள் வருடா வருடம் உயிரோடிருப்பதை நிரூபிப்பதுபோல, என் கண் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்று மூன்று முறை நிரூபித்தேன். படிவங்களை நிரப்பியதெல்லாம் என் மகன் ஜோயல். கண் தெரியாததால்தான் ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறோம், அந்தப் படிவத்தின் எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

ஆபரேஷன் அன்று முகத்துக்கு மேலே விளக்கு. "விளக்கையே பாருங்கள்" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம் நான் தமிழில் "சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். டாக்டர் ஒரு பெண். வெளியே வந்ததும் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எங்களுக்கு ஆன ஒரே செலவு ஜோயல் கார் நிறுத்தியதற்குக் கட்டியது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் சுவரின் வெள்ளை எனக்கு வெள்ளையாகவே தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அந்தச் சந்தோஷத்தோடு முடிச்சூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, "பெரிய ப்ரைவேட் ஆஸ்பத்திரிக்கா, ஃபைவ் ஸ்டார் ஓட்டல் மாதிரி இருந்தது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் போனவள் தர்மாஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டாள் என்றால் எங்கள் காலனியில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். "அங்க அவ்ளோ கஷ்டமா பாவம்" என்பார்கள். அந்தப் பாவத்தை என்னால் தாங்க முடியாது.

2

அக்காவின் பெயர் எஸ்தர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் முப்பது வருடம் தமிழ் நடத்தினாள். பென்ஷன் கிடையாது. அத்தான் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஐம்பத்தாறு வயதான என்னை இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஊரில் எங்கள் சபையில் வேதபாடம் வாசிப்பது அவள்தான். அவள் வாசித்தால் பின் பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். கொரோனா காலத்தில் வாசலுக்கு மேலே ஒரு கேமரா வைத்து ஆராதனையை நேரலையாகப் போடத் தொடங்கினார்கள். அங்கே காலை ஆராதனை நடக்கும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தட்டோடு உட்கார்ந்து பார்ப்பேன். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடியதும் அக்கா தலையைத் தூக்கி ஒரு விநாடி கேமராவைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு. சபையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

எங்கள் சபையில் இன்னொரு வழக்கம் உண்டு. நல்லது ஏதும் நடந்தால் ஒரு கவரில் ஸ்தோத்திர காணிக்கை போட்டு, மேலே பெயரையும் காரணத்தையும் எழுதிக் கொடுப்பார்கள். ஆயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறந்த நாள், மகனுக்கு வேலை, நின்றுபோயிருந்த கல்யாணம் கூடி வந்தது, எல்லாம் வெளியே வரும். காரணம் எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் முழுக்கச் சபையே அதைப் பற்றித்தான் பேசும்.

எனக்கு ஆபரேஷன் முடிந்து வந்த முதல் ஞாயிறு ஆயர் வாசித்தார்: "திருமதி எஸ்தர் அவர்கள், ஆஸ்திரேலியாவில் தங்கைக்குப் பெரிய தனியார் மருத்துவமனையில் கண் அறுவை நலமாக முடிந்ததற்காக."

என் பொய் ஆயர் வாயால் வந்தது. கையில் சாம்பார் சாதம். எதிரே உட்கார்ந்திருந்த ஜோயலுக்குத் தமிழ் பாதிதான் புரியும், அந்தப் பாதியில் இது புரிந்துவிட்டது.

"ப்ரைவேட்னு ஏன்மா சொன்னே? இங்க எல்லாரும் அங்கதானே போறாங்க?"

அவனுக்கு அது அவமானமே இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. பெரியம்மாவோடு பேசச் சொன்னால் "ஹாய் பெரியம்மா, எப்படி இருக்கீங்க" என்று நான்கு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுகிறவன். அன்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. சாப்பிடு என்று அதட்டினேன்.

3

ஒரு மாதம் கழித்து அக்கா போனில் உற்சாகமாக இருந்தாள். அவளுக்கும் இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து வீட்டு வசந்தாவுக்குச் சர்க்கார் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவளே அக்காவை மின்சார ரயிலில் கூட்டிப்போய், சீட்டு வாங்கி, சோதனையெல்லாம் முடித்து, தேதியும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

"ஒரு பைசா செலவில்ல பாப்பா. கூட்டம்தான், காலையிலேயே போயிடணும். டாக்டர் பொண்ணு பொறுமையா பார்த்துச்சு. வசந்தா இப்ப ஊசியில நூல் கோக்குறா."

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா? உனக்கு யாருமில்லையா? நான் செத்தா போயிட்டேன்?" என்றேன். "அங்க எலி ஓடும்க்கா."

அந்த ஆஸ்பத்திரி வாசலை நான் மிதித்ததே இல்லை. இதைச் சொல்லும்போது என் மேசை மேல் இருந்தது மெல்போர்ன் அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த சொட்டு மருந்து.

அக்கா என் பேச்சைத் தட்டமாட்டாள். வாங்கிய தேதியை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி ரோட்டில் நான் சொன்ன தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெயர் வேண்டாம். கண்ணாடிச் சுவர், ஏசி, வரவேற்பில் பூச்சாடி. சோதனை முடிந்ததும் லென்ஸ் வகைகளைச் சொல்லும் பெண் என்னை வீடியோ காலில் கூப்பிட்டாள்.

"டாக்டர் நார்மல் லென்ஸ் போதும்னு எழுதியிருக்காரு மேடம். அம்மாவுக்கு சுகர் இருக்கில்ல, ரெட்டினாவுல லேசா சேஞ்ச் இருக்கு."

பின்னால் அக்கா தெரிந்தாள். வெளுத்த காட்டன் புடவை, மடியில் துணிப்பை, ஷேர் ஆட்டோவில் வந்த களைப்பு. எனக்குச் சுரீரென்றது. ஆளைப் பார்த்து எடை போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"எங்க அக்காவைப் பார்த்தா காசில்லாதவங்க மாதிரி தெரியுதா? உங்ககிட்ட இருக்கிறதுலேயே பெஸ்ட் எதுவோ அதை வைங்க."

"பெஸ்ட்னு இல்ல மேடம், அவங்க கண்ணுக்கு எது செட் ஆகும்னுதான்…"

"கண்ணாடியே போட வேண்டாத லென்ஸ் ஒண்ணு இருக்கில்ல? தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து? அதை வைங்க. நான் கட்டுறேன்."

டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாக அந்தப் பெண் சொன்னாள். அக்கா போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நார்மலே போதும்னு டாக்டரே சொல்றாரே பாப்பா. எதுக்கு அவ்ளோ செலவு?"

அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"நானும் அதேதான்க்கா வெச்சிருக்கேன்."

நான் வைத்திருப்பது அரசாங்கம் எல்லாருக்கும் வைக்கிற சாதாரண லென்ஸ். படிக்கும்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். போனில் பேசும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுவேன்.

அக்காவின் முகம் தெளிந்தது. "நீயே வெச்சிருக்கியா? அப்ப சரி" என்றாள்.

4

அக்காவின் வலது கண்ணில் அந்த லென்ஸை வைத்த பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்பேன். "நல்லாத்தான் தெரியுது" என்பாள். அந்த 'தான்' எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் அவள் பாடம் வாசித்ததைப் பார்த்தேன். வெளியே மழை, கோயிலுக்குள் வெளிச்சம் குறைவு. கண்ணாடி இல்லாமல் நின்றாள். முதல் வரியை வாசித்தாள். அடுத்து ஒரு வரியைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தாள். சபை காத்திருந்தது. வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்தி மேலே ஏறி வந்து, அக்காவின் தோளில் கை வைத்து, மீதியை வாசித்து முடித்தாள். அக்கா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் இறங்குமுன் கேமராவைப் பார்த்தாள், சிரிக்கக்கூட முயன்றாள்.

அந்தச் சிரிப்பை என் தெளிவான வலது கண்ணால் பார்த்தேன். 

5

ஜனவரியில் மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். ஜோயல் வரவில்லை, நண்பர்களோடு கடற்கரைக்குப் போகிறானாம்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "இன்னா மேடம், எங்க போவணும்?" என்றார். "முடிச்சூர்" என்றேன். இருபத்து மூன்று வருடம் கழித்தும் அந்த இன்னாவைக் கேட்டால்தான் எனக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது. பல்லாவரம் தாண்டும்வரை அவர் சொன்ன ரோட்டுப் பள்ளக் கதைகளைக் கேட்டுக்கொண்டு போனேன்.

அக்கா வீட்டில் ஒவ்வொரு அறையிலும் புதிதாக டியூப் லைட் போட்டிருந்தாள். பகலிலும் எரிந்தது. அரிசியில் கல் பொறுக்க வாசற்படிக்குப் போனாள். பஸ் வந்தால் பலகையைப் படிக்காமல் பக்கத்தில் நிற்பவரிடம் நம்பர் கேட்டாள். எதிரே விளக்கோடு வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறதாம். ஒன்றைக்கூட அவளாகச் சொல்லவில்லை, நானாகப் பார்த்தது.

ஒருநாள் காய் நறுக்கும்போது கேட்டேன்.

"என்மேலதான் தப்பு பாப்பா," என்றாள். "சொட்டு மருந்தை ரெண்டு நாள் மறந்துட்டேன். இல்லேன்னா உனக்குத் தெரியிற மாதிரி எனக்கும் தெரியணுமில்ல? ரெண்டும் ஒரே லென்ஸுதானே."

ஒன்பது மாதமாக அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சொல்லிவிடு என்று மனசு இடித்தது. வெண்டைக்காயைத் தொடர்ந்து நறுக்கினேன்.

"இடது கண்ணுலயும் அதையே வெச்சுட்டா ரெண்டும் சேர்ந்து செட் ஆயிடும்னு ஜெபக்கூட்டத்துல சொன்னாங்க," என்றாள். "வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். நீயும் வாயேன்."

6

வியாழக்கிழமை அதே கண்ணாடிச் சுவர், அதே பெண். டாக்டர் கோப்பைத் திறந்தார். அமைதியான மனிதர்.

"சுகர் உள்ள கண்ணும்மா இது. இந்த லென்ஸ் வர்ற வெளிச்சத்தைக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பங்கு போடும். ரெட்டினா நல்லா இருந்தா சமாளிக்கும். உங்க ரெட்டினாவுக்கு முழு வெளிச்சமும் வேணும். இப்ப அதை எடுத்து மாத்துறது ரிஸ்க். இடது கண்ணுக்காவது நார்மல் வெச்சுக்கங்க."

கோப்பு என் பக்கம் திரும்பியிருந்தது. அக்காவின் வலது கண் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: சாதாரண லென்ஸ் பரிந்துரைக்கப்பட்டது, குடும்பத்தாரின் விருப்பப்படி மாற்றப்பட்டது. குடும்பத்தார் என்றால் நான்.

அக்கா விடவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "இல்ல டாக்டர், அதையே வைங்க. என் தங்கச்சியும் அதான் வெச்சிருக்கா. அவளுக்கு நல்லா தெரியுது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒடம்பு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லேன் பாப்பா."

டாக்டரும் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

"நான் அதை வெச்சுக்கல," என்றேன். "எனக்கு நார்மல் லென்ஸுதான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வெச்சாங்க. ஃப்ரீ."

கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசை மேல் வைத்தேன். வார்த்தையை நம்பமாட்டாளோ என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அக்கா அதைக் கையில் எடுத்து, மடித்து, பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாங்க அப்புறம் வர்றோம் டாக்டர்," என்று எழுந்தாள்.

7

தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குரோம்பேட்டை வருவதற்குள் நான் மன்னிப்புக் கேட்டேன். பதினான்கு மாதம் வரிசையில் நின்றதையும் சொல்லி, இரண்டு முறை கேட்டேன். பிறகு அவள் கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"நீ ஃப்ரீயா பண்ணிக்கிட்டதுல ஒண்ணும் தப்பில்ல. பதினாலு மாசம் பொறுமையா காத்திருந்து பண்ணியிருக்க. அதைச் சொல்லியிருந்தா எனக்குப் பெருமையாத்தான் இருந்திருக்கும்." முகத்தை என் பக்கம் திருப்பினாள். "உன் கவர்மெண்ட் மட்டும் கவர்மெண்ட், எங்க கவர்மெண்ட் எலியா?"

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"நான் கவர்ல எழுதிக் குடுத்தேனே பாப்பா. ஆயர் சபை முன்னாடி வாசிச்சாரே. சாமிகிட்டயே இல்லாததுக்கு நன்றி சொல்ல வெச்சுட்டியே."

பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைப் பற்றியும் பேசவில்லை. தாம்பரத்தில் இறங்கும்போது வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணி எனக்குச் சாதம் போட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன், அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். இல்லை, உண்மையிலேயே தெரியவில்லையோ என்னவோ.

8

நான் திரும்பி வந்த பிறகு வசந்தா அவளை மறுபடி அந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புதிதாகச் சீட்டு, புதிதாக வரிசை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்த அன்று வசந்தாதான் வாட்ஸப்பில் குரல் அனுப்பினாள்: "நல்லபடியா ஆச்சு மேடம். இட்லி குடுத்தாங்க, சாப்ட்டாங்க. எலியெல்லாம் ஒண்ணும் இல்ல." அதை நான் அக்காவிடம் சொன்னது அவள்வரை போயிருக்கிறது. அது நியாயம்தான்.

ஜோயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும். திட்டுவான் என்று நினைத்தேன். "பெரியம்மாகிட்ட நான் பேசவா?" என்றான். என்ன பேசுவாய் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றான். அன்று பத்து நிமிடம் பேசினான். அவனுடைய தமிழைத் திருத்திக்கொண்டே அக்கா பேசுவது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். பேச்சு முடிந்து அவன் வெளியே வந்தபோது போன் அவன் பாக்கெட்டில் இருந்தது.

சென்ற ஞாயிறு, இரண்டாவது ஞாயிறு. தட்டு வைக்காமல் உட்கார்ந்தேன். ஆயர் காணிக்கைகளை வாசித்தார். இத்தனை வருடத்தில் அக்காவின் எந்தக் கவரும் என் பெயரில்லாமல் வந்ததில்லை. அவளுடைய பிறந்த நாளுக்குக்கூட 'தங்கை குடும்பமாக' என்று ஒரு வரி சேர்த்துத்தான் எழுதுவாள். இந்த முறை ஆயர் வாசித்தது இவ்வளவுதான்: "திருமதி எஸ்தர் அவர்கள், அரசு மருத்துவமனையில் இடது கண் அறுவை நலமாக முடிந்ததற்காக."

பிறகு அவள் பாடம் வாசிக்க ஏறினாள். கறுப்புச் சட்டம் போட்ட சாதாரணக் கண்ணாடி. வலது கண்ணை லேசாக இடுக்கிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓர் இடத்திலும் தடுக்காமல் வாசித்தாள். பழைய குரல். பின் பெஞ்சுகள் நிமிர்ந்தன. நான் இங்கே என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

வாசித்து முடித்தாள். புத்தகத்தை மூடினாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு, படியைக் கவனமாகப் பார்த்து இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கேமரா பக்கம் தலையைத் தூக்கவில்லை.